70 மீட்டரில் காற்று: அம்பின் விலகலைக் கணித்து எய்வது எப்படி

மலேசியாவின் பினாங்கில் வெட்டவெளித் திடலொன்றில் காலை 8 மணிக்கு எய்த ஆறு அம்புகளும் இலக்கின் நடுவிலுள்ள மஞ்சளில் நெருங்கி நிற்க, அதே வில்லும் அதே அம்புகளும் 11 மணிக்கு மேல் மஞ்சளைச் சூழ்ந்த சிவப்பின் இடப்பக்கத்தில் போய்க் குத்துவதைப் பார்த்துவிட்டு, தம் கை தவறிவிட்டது என்று எண்ணி, நாணை விடும் முறையை மாற்றத் தொடங்கும் புதியவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்த இடைவேளையில் கடற்காற்று எழுந்திருக்கிறது. நிலம் வெயிலில் கடலைவிட விரைவாகச் சூடேற, அதன்மேல் உள்ள காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. கைப்பழக்கத்தைத் தொடாமல், இந்தக் காற்றை மட்டும் எப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்வது என்பதை, 70 மீட்டரில் ரீகர்வ் வில் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) எய்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவுகளை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். 70 மீட்டருக்கான இலக்கு அட்டையின் விட்டம் 122 செ.மீ.; ஒவ்வொரு வளையத்தின் அகலமும் 6.1 செ.மீ. ஏறத்தாழ வினாடிக்கு 58 மீட்டர் வேகத்தில் புறப்படும் அம்பு, காற்றே இல்லாத வெற்றிடமாக இருந்தால் 70 மீட்டரை 1.2 வினாடியில் கடந்துவிடும். காற்றின் தடையால் வேகம் குறைந்துகொண்டே போவதால், உண்மையில் அதற்கு 0.07 வினாடி அளவுக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சிறிய தாமதம்தான் விலகலைத் தீர்மானிக்கிறது. குறுக்குக் காற்றின் வேகத்தை இந்தத் தாமதத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்கும் என்பது 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படைத்துறை அறிஞர் திதியோன் துப்பாக்கி, பீரங்கிக் குண்டுகளுக்காக வகுத்த விதி. குழல் வாய் வழியாக வெடிமருந்தும் ஈயக் குண்டும் இட்டுச் சுடும் பழைய துப்பாக்கிகளின் உருண்டைக் குண்டு மிக விரைவாக வேகம் இழப்பதால் காற்றில் பெரிதும் விலகியது; மெல்லிய அம்பு அவ்வளவு வேகம் இழப்பதில்லை என்றாலும் அதே விதிக்குத்தான் உட்படுகிறது. வலப்பக்கத்திலிருந்து வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால், 3 பெருக்கல் 0.07, அதாவது 21 செ.மீ. அம்பு இடப்பக்கம் தள்ளப்படும். 10 புள்ளி தரும் நடு மையத்தைக் குறிவைத்து மிகச் சரியாக விட்ட அம்பு 7 புள்ளியில் போய் நிற்கும். முகத்தில் இதமாகப் படும் அளவுக் காற்றுதான் இவ்வளவையும் செய்கிறது.

அடுத்தது, எந்த இடத்துக் காற்றைப் பார்ப்பது என்ற கேள்வி. இலக்குப் பலகைக்கு மேலே கட்டியிருக்கும் சிறு கொடியைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியில் நானும் அதை மட்டுமே நம்பினேன். கொடி துவண்டு தொங்கியது; மையத்தைக் குறிவைத்து விட்டேன்; அம்பு சிவப்பையும் தாண்டி இடப்பக்க நீலத்தில் போய்க் குத்தியது. எய்யும் கோட்டுக்குப் பக்கத்தில், வலப்புறம் இருந்த இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி இருந்ததையும், அதன் வழியே பலமான காற்று குறுக்காகப் பாய்ந்துகொண்டிருந்ததையும், இலக்கின் பக்கம் ஒரு சுவர் காற்றை மறைத்திருந்ததையும் அம்பை எடுக்க நடந்துபோகும்போதுதான் கவனித்தேன். பயணத்தின் தொடக்கத்தில் பெற்ற பக்கவாட்டு வேகத்தை அம்பு மீதித் தொலைவு முழுவதும் சுமந்து செல்கிறது. ஆகவே ஒரே சீரான காற்றில், மொத்த விலகலில் ஏறத்தாழ முக்கால் பங்கு முதல் 35 மீட்டரில் பட்ட காற்றாலேயே உண்டாகிறது. இலக்கின் அருகே உள்ள கொடி மிஞ்சிய கால் பங்கைத்தான் காட்டுகிறது.

உயரத்தையும் மறந்துவிடக்கூடாது. 70 மீட்டருக்கு எய்த அம்பு நேர்கோட்டில் போவதில்லை. நடுவழியில் குறிக்கோட்டுக்கு மேல் கிட்டத்தட்ட 2 மீட்டர் எழுந்து, தரையிலிருந்து மூன்று மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் பறக்கிறது. புல்மட்டத்தைவிட அங்கே காற்று வலுவாக இருக்கும். புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம்தான், ஆனால் அது உங்கள் காலடிக் காற்றை மட்டுமே சொல்லும். பயிற்சியின்போது, பாதுகாப்பாகப் பக்கவாட்டில் தள்ளி, 20 மீட்டரிலும் 40 மீட்டரிலும் உயரமான கழிகளை நட்டு, அவற்றின் நுனியில் மெல்லிய நாடாக்களைக் கட்டிவையுங்கள். போட்டித் திடலில் அந்த வசதி கிடைக்காது. அங்கே மர உச்சிகளின் அசைவும், உங்கள் காதிலும் கன்னத்திலும் படும் காற்றும் துணைக்கு இருக்கும்.

"சார், கொடி ஒருபக்கம் காட்டுது, மரம் வேறபக்கம் ஆடுது, எதை நம்பறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். எய்யும் கோட்டுக்கு அருகில் இருப்பதை முதலில் நம்பு என்றேன். இரண்டும் முழுக்க முரண்பட்டால் காத்திருப்பதே நல்லது.

இனி, குறியை எப்படி மாற்றுவது? காற்று ஒரே திசையில், ஒரே வலுவில் நெடுநேரம் நிலைத்து வீசினால் சைட்டை, அதாவது வில்லில் பொருத்தியிருக்கும் குறிபார்க்கும் கருவியை, நகர்த்தலாம். அம்பு போன பக்கமே சைட்டை நகர்த்த வேண்டும். அம்புகள் இடப்பக்கம் விழுந்தால் சைட்டும் இடப்பக்கம் போகும். பினாங்குக் கடற்காற்றோ பெரும்பாலும் ஏறியும் இறங்கியும் வருவது, ஆகவே சைட்டைத் தொடாமல், காற்று வரும் பக்கமாகக் குறியைத் தள்ளிவைப்பதே பொதுவாக நல்ல வழி என்று நான் கருதுகிறேன். மேலே சொன்ன 21 செ.மீ. விலகலுக்கு, சைட் வளையத்தை வலப்பக்கச் சிவப்பின் வெளி வளையத்தில் நிறுத்த வேண்டும். நாணை இழுப்பதற்கு முன்பே அந்த இடத்தை முடிவு செய்துவிடுங்கள். இழுத்த பிறகு "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று நகர்த்துபவர், மஞ்சளை விட்டு விலகி நிற்கக் கண் ஒப்பாமல், விடும் கணத்தில் தம்மை அறியாமலே வில்லை மையத்துக்கு இழுத்துவிடுவார். அப்போது ஈடு செய்தது பாதியாகக் குறைந்து, காற்றும் சேர்ந்து, அம்பு ஏன் அங்கே போயிற்று என்ற காரணமே தெரியாமல் போகும்.

காற்று மாறி மாறி வீசும்போது, அதன் பல நிலைகளில் அதிக நேரம் நிலைக்கும் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அது திரும்பி வரும்போது மட்டும் எய்யுங்கள். இழுத்த நிலையில் வீச்சு திடீரென்று கூடினால் தயங்காமல் நாணைத் தளர்த்தி இறக்கி, மூச்சை ஒழுங்குபடுத்திக்கொண்டு மீண்டும் தொடங்குங்கள். காற்றில் ஆடும் வில்லை அடக்குவதற்காக நெடுநேரம் பிடித்து நிற்பது தோளைச் சோர்வாக்கும். கால்களைச் சற்றே அகட்டி நிற்பது உதவும். தொளதொளப்பான சட்டைக் கையும் தொப்பி விளிம்பும் காற்றில் நாணில் படாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதிர்க்காற்று அம்பைச் சற்றுக் கீழேயும், பின்காற்று சற்று மேலேயும் கொண்டுசெல்லும். குறுக்குக் காற்றோடு ஒப்பிட்டால் இவை சிறியவை. கருவியைப் பொறுத்தவரை, மெல்லிய கனமான அம்புகளும் சிறிய இறகுகளும் வேகத்தைக் குறைவாக இழப்பதால் குறைவாகவே விலகும். உள்ளரங்கில் வளையக் கோட்டைத் தொட உதவும் பருத்த அம்புகளை வெளித்திடலுக்குக் கொண்டுவர வேண்டாம்.

ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். கொடியின் நுனி மட்டும் அசையும்போது, கொடி பாதி எழும்போது, முழுதும் நீண்டு பறக்கும்போது என மூன்று நிலைகளிலும் மையத்தையே குறிவைத்து ஆறாறு அம்புகள் எய்து, அம்புக் கூட்டத்தின் நடுப்பகுதி எத்தனை வளையம் விலகியது என்று எழுதுங்கள். தேதி, மணி, காற்றின் திசை ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று நம் மொழியில் நான்கு திசைக் காற்றுக்கும் ஒவ்வொரு சொல் இருப்பதால் குறிப்பு சுருக்கமாக அமையும். நவம்பர் முதல் மார்ச் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் எடுத்த குறிப்பை ஜூன் மாதத்துத் தென்மேற்குப் பருவத்துக்கு அப்படியே பயன்படுத்த முடியாது. இரண்டுக்கும் தனித்தனிப் பக்கங்கள் வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து விடியற்காலையில் வரும் 'சுமத்ராஸ்' என்னும் சூறைக்காற்று அந்தக் குறிப்பேட்டில் இடம்பெற வேண்டியதில்லை. மேற்கு வானம் இருண்டு, முதல் இடி கேட்டதும் வில்லைக் கீழே வைத்துவிட்டு, எல்லோரையும் அழைத்துக்கொண்டு கட்டடத்துக்குள் போய்விடுங்கள். இலக்கில் நிற்கும் அம்புகளை மழை விட்ட பிறகு எடுத்துக்கொள்ளலாம்.