வரிசையில் இல்லாதவர்களையும் தேடுங்கள்: மனநல சேவை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்துப் பக்கம் சமூகப்பணி, உளவியல், செவிலியம் படிக்கிற பிள்ளைகள் பலர் ஆய்வேட்டுக்கு 'மனநலப் பிரிவில் சேவையின் தரம்' என்று ஒரு தலைப்பை எடுத்துக்கொள்கிறார்கள். ஓபி நடக்கும் நாளில் காலையிலேயே போய், சீட்டு போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களிடம் படிவத்தை நிரப்பி வாங்கிவிடுகிறார்கள். முடிவு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: பலருக்குத் திருப்தி, காத்திருக்கும் நேரம் மட்டும் குறைய வேண்டும்.

இது பொய்யில்லை. ஆனால் திருப்தி இல்லாதவர் அந்த வரிசைக்கே வந்திருக்க மாட்டார். வர முடியாதவரும் அங்கே இல்லை. இரண்டு தரப்பையும் விட்டுவிட்டு எடுத்த கணக்குக்குத் தரம் என்று பெயர் வைப்பதுதான் இந்தத் துறையின் முதல் தவறு.

சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒருவர் மாத்திரை வாங்க சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று வையுங்கள். முதலில் ஏற்காடு வர வேண்டும், பிறகு 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். கூட ஒருவர் வந்தால் இரண்டு பேருடைய எஸ்டேட் கூலி போச்சு. நவம்பர் வாக்கில் தொடங்கி ஜனவரி தாண்டியும் காப்பிப்பழம் பறிக்கிற பருவம். வருஷத்தில் நாலு காசு பார்க்கிற நேரம் அதுதான். அப்போது மாத்திரை தீர்ந்தால், 'அடுத்த மாசம் பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போகும். டிசம்பரில் ஓபியில் உட்கார்ந்து ஆய்வு செய்பவருக்கு இவர் கண்ணிலேயே பட மாட்டார். மலையிலிருந்து வந்தவர்கள் என்று அவர் எழுதிக்கொள்கிற சில பேர், கூலியை விட்டுவிட்டு வர முடிந்த சில பேர்.

இந்த இடைவெளி சின்னதில்லை. பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், நோயைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாமலே இருந்தது தெரிந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்ட நிலையில் தீக்கு இரையான 28 பேரை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு எந்த மருத்துவமனை வரிசையில் கருத்துக் கேட்டிருந்தாலும் அவர்கள் அதில் வந்திருக்க முடியாது.

சரி, வேறு எப்படிச் செய்வது? பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் முதல்முறை வந்தவர்கள் எல்லோரையும் எடுங்கள். எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள், எத்தனை பேர் மூன்றாம் முறை வந்தார்கள் என்று எண்ணுங்கள். திருப்தி மதிப்பெண்ணைவிட இந்த எண்ணே அதிகம் பேசும். பிறகு, நின்றுபோனவர்களில் சிலரிடம் காரணம் கேளுங்கள். ஆனால் அனுமதி வாங்காமல் வீடு தேடிப் போகாதீர்கள். நாற்பது வீடு உள்ள ஊரில் 'மனநலப் பிரிவுலேர்ந்து வர்றோம்' என்று ஒருமுறை சொன்னால் போதும், அந்த வீட்டுப் பெண்ணுக்கு வருகிற வரனும் நின்றுபோகும். ஏற்கெனவே அவர்களை அறிந்த மருத்துவமனைப் பணியாளர் மூலமாக, நோயாளியே கொடுத்த எண்ணில், அவரிடம் மட்டும் பேசுவதே முறை.

வார்டுக்குள்ளேயும் இதே மாதிரி ஒரு பொறி இருக்கிறது. பத்துப் படுக்கை உள்ள வார்டு ஒன்று. இரண்டில் வருஷம் முழுக்க அதே ஆட்கள். மீதி எட்டில் மாதம் ஒருவர் என்று மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருநாள் போய் எண்ணினால் நீண்டநாள் நோயாளிகள் பத்தில் இரண்டு பேர், அதாவது 20 சதவீதம். வருஷம் முழுக்க எண்ணினால் மொத்தம் 98 பேரில் இரண்டே பேர், 2 சதவீதம்தான். சீக்கிரம் குணமாகிப் போனவர்கள் ஒருநாள் கணக்கில் சிக்குவதில்லை. பாட்ரிசியா கோஹன், ஜேக்கப் கோஹன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1984இல் இதற்கு 'மருத்துவரின் மாயை' என்று பெயர் வைத்தார்கள். மனநோய் என்றாலே தீராது என்று பழுத்த அனுபவசாலிகளும் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது, கேட்கிற விதம். உலகம் முழுக்கப் புழங்குகிற திருப்திப் படிவம் ஒன்றில் எட்டுக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 8 முதல் 32 வரை. இத்தகைய படிவங்களில் மதிப்பெண் உச்சியிலேயே போய் ஒட்டிக்கொள்ளும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, டாக்டர் அறை வாசலில் நின்று, 'இங்க நல்லா பாக்குறாங்களாம்மா?' என்று கேட்டால், 'நல்லாத்தான் பாக்குறாங்க கண்ணு' என்றுதான் பதில் வரும். அடுத்த மாதமும் அதே அறைக்குள் போக வேண்டுமே!

அபிப்பிராயத்தை விட்டுவிட்டு நடந்ததைக் கேளுங்கள். போன தடவை எடை பார்த்தார்களா? ஒலான்சபின் என்ற மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எடையும் சர்க்கரையும் ஏறக்கூடும் என்பதால், அவற்றைப் பார்த்தார்களா என்பதே தரத்துக்கு நல்ல அளவு. மாத்திரையால் என்ன ஆகலாம் என்று யாராவது சொன்னார்களா? நோயாளிக்குத் தனியாகப் பேச இரண்டு நிமிஷம் கிடைத்ததா?

தனியாக என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் படிவத்துக்குப் பதில் சொல்வது பெரும்பாலும் கூட வந்தவர்தான். அம்மாப்பேட்டை நெசவாளர் வீட்டுத் தாய் ஒருவர், 'இப்ப சத்தம் போடறதில்லைங்க, நல்லா தூங்கறான்' என்பார். மகனைத் தனியே கேட்டால், 'பகல் பூரா தூக்கமா வருதுங்க, தறியில உக்கார முடியல' என்பான். மருந்து ஒன்று, அது செய்கிற வேலையும் ஒன்று. தாய்க்கு அது குணம், மகனுக்குப் பிழைப்பே போச்சு. இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் இரண்டு பேருடைய உண்மையும் காணாமல் போகும். தனித்தனிக் கட்டமாகவே வையுங்கள்.

மற்ற தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மருத்துவத் தர ஆய்வின் முன்னோடி அவெடிஸ் டொனபீடியன் 1966இலேயே மருத்துவத் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்தார். நாம் இன்னும் முதலாவதிலேயே நிற்கிறோம்: எத்தனை படுக்கை, எத்தனை முகாம், எத்தனை டாக்டர். மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியது. அதன் முகாம்களை எண்ணுவது எளிது என்பதற்காக அந்த எண்ணையே பலன் என்று எழுதிவிடாதீர்கள்.

சிகிச்சைக்கு முன், பின் என்று மதிப்பெண் எடுத்து 'முன்னேற்றம்' காட்டுவது இன்னொன்று. பெரும்பாலோர் நோய் முற்றியபோதுதான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். அந்த உச்சத்திலிருந்து ஓரளவு தானாகவும் இறங்கும். ஒப்பிட ஒரு குழு இல்லாமல் முழுப் பெருமையையும் சேவைக்குக் கொடுக்க முடியாது.

மறுபடி அட்மிஷன் ஆனவர்கள் குறைவு என்றால் தரம் உயர்வு என்று எடுத்துக்கொள்வதும் அவசரம். மலையிலிருந்து ஒருவர் திரும்ப வராதது குணமானதாலும் இருக்கலாம், பஸ்ஸுக்குக் காசில்லாததாலும் இருக்கலாம். தனியார் ஆஸ்பத்திரியையும் அரசு ஆஸ்பத்திரியையும் ஒப்பிடுகிறவர்கள், யார் யாரிடம் எவ்வளவு முற்றிய நிலையில் வருகிறார்கள் என்பதைச் சரிக்கட்டாமல் ஒரு வரிகூட எழுதக்கூடாது.

கடைசியாக ஒப்புதல். தாயிடம் கைநாட்டு வாங்கிவிட்டால் போதும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. போதாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 99, வெறும் நேர்காணலாக இருந்தாலும் நோயாளியின் சுதந்திரமான, அறிந்து தருகிற ஒப்புதலைக் கேட்கிறது. உளவியல் முறையோ மருந்தோ கொடுத்துப் பார்க்கிற ஆய்வில், அவரால் ஒப்புதல் தர முடியாத நிலை, ஆனால் பங்கேற்க எதிர்ப்பும் இல்லை என்றால், மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும். அவருடைய நியமனப் பிரதிநிதியின் (அவர் சார்பில் முடிவெடுக்க நியமிக்கப்பட்டவரின்) ஒப்புதலெல்லாம் அதற்கு அப்புறம்தான். எப்போது வேண்டுமானாலும் அவர் விலகிக்கொள்ளலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதனால் படிவத்தில் பெயர் எழுதாமல் எண் மட்டும் போடுங்கள். எந்த எண் யாருடையது என்ற தாளைத் தனியாகப் பூட்டி வையுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லும் நாளில் எந்தப் படிவத்தை எடுத்துக் கிழிப்பது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.