ஸ்ட்ரிங்தானே என்று ரீப்ளேஸ் போடாதீர்கள்

சொந்தமாக இன்டர்பிரெட்டர் (நிரலைப் படித்து இயக்கும் மென்பொருள்) எழுத உட்காருகிறவர்கள் ஸ்ட்ரிங் லிட்டரலை, அதாவது நிரலில் மேற்கோள் குறிக்குள் எழுதும் உரையை, ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. மேற்கோள் குறியில் தொடங்கும், மேற்கோள் குறியில் முடியும், அவ்வளவுதானே என்று அரை மணி நேரத்தில் தாண்டிவிடுகிறார்கள். சமீபத்தில் மூன்று பேர் தங்கள் லெக்ஸரை, அதாவது நிரலைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் பகுதியை, காட்டினார்கள். மூன்றிலும் நான் அந்தக் காலத்தில் செய்த அதே கூத்து.

எஸ்கேப்பை ரீப்ளேஸால் தீர்ப்பது

நேராக எழுத முடியாத எழுத்தை பேக்ஸ்லாஷ் போட்டு எழுதுவதுதான் எஸ்கேப். அந்தக் கூத்து இதுதான்: மேற்கோள் குறிகளுக்கு நடுவில் இருப்பதை அப்படியே வெட்டி எடுப்பது. அப்புறம் வரிசையாக ரீப்ளேஸ்: பேக்ஸ்லாஷும் 'என்'னும் வந்தால் புதிய வரி, பேக்ஸ்லாஷும் 'டி'யும் வந்தால் டேப், இரட்டை பேக்ஸ்லாஷ் வந்தால் ஒற்றை. நாலே வரி, டெஸ்ட் எல்லாம் பச்சை.

விண்டோஸில் 'நியூ' என்ற ஃபோல்டருக்கு யாராவது பாதை எழுதும்வரைதான் அந்தப் பச்சை. அவர் முறைப்படி இரட்டை பேக்ஸ்லாஷ் போட்டிருப்பார், அடுத்த எழுத்து 'என்'. ரீப்ளேஸ் இரண்டாவது பேக்ஸ்லாஷை 'என்'னோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பாதை நடுவில் வரி உடையும். வரிசையை மாற்றினால் சரியாகும் என்று இரட்டையை முதலில் ஒற்றையாக்கினேன். மிஞ்சிய ஒற்றை, அடுத்த ரீப்ளேஸில் மறுபடி புதிய வரியானது. எப்படி அடுக்கினாலும் தப்புதான்.

அங்கேயாவது நிறுத்தினேனா? இரட்டை பேக்ஸ்லாஷ் இருந்த இடத்தில் தற்காலிகமாக 1-ஆம் எண் கன்ட்ரோல் எழுத்தை வைத்து, கடைசியில் பேக்ஸ்லாஷாக மாற்றினேன். அதை யார் எழுதப்போகிறார்கள் என்ற தைரியம். டெர்மினலில் கட்டளைக்குக் காத்திருக்கும் பிராம்ப்ட்டைக் கலரில் போடுகிறவர்கள் எழுதுவார்கள்! திரையில் இடம் பிடிக்காத பகுதி இங்கே தொடங்குகிறது என்று, டைப் செய்யும் வரியைக் கவனித்துக்கொள்ளும் ரீட்லைன் லைப்ரரிக்குச் சொல்வதே அந்த எழுத்துதான். பிராம்ப்ட்டில் கேட்காத இடத்தில் பேக்ஸ்லாஷ் முளைத்தது. இரண்டு நாள் டெர்மினலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இடமிருந்து வலமாக ஒரே ஒரு முறை நடங்கள். பேக்ஸ்லாஷ் வந்தால் அதையும் அடுத்த எழுத்தையும் ஜோடியாக விழுங்கி, விடையைத் தனி பஃபரில் சேருங்கள். விழுங்கியதைத் திரும்பத் தொடவே கூடாது.

முடிவைத் தேடப் பின்னால் பார்ப்பது

மேற்கோள் குறிக்கு முன்னால் பேக்ஸ்லாஷ் இருந்தால் ஸ்ட்ரிங் முடியவில்லை என்று முடிவு கட்டுவதும் இதே நோய்தான். இரட்டை பேக்ஸ்லாஷில் முடியும் ஸ்ட்ரிங் அடுத்த வரிகளையும் சேர்த்து விழுங்கும்.

மூடாத ஸ்ட்ரிங்

மூடும் குறி வராமலே ஃபைல் முடிந்தால், பிழையை ஸ்ட்ரிங் தொடங்கிய வரியில் காட்டுங்கள்.

தெரியாத எஸ்கேப்பைக் கண்டுகொள்ளாமல் விடுவது

முதல் நாளே பிழை என்று சொல்லிவிடுங்கள். பைத்தான் அப்படியே விட்டுவைத்தது. 2016-இல் 3.6 பதிப்பில் பெரும்பாலும் கண்ணில் படாத எச்சரிக்கையாகத் தொடங்கி, 2023-இல் 3.12 வந்தபோதுதான் எல்லோருக்கும் தெரிகிற சின்டாக்ஸ் வார்னிங் ஆனது.

பைட்டை எழுத்தாக எண்ணுவது

'அம்மா' நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறியீடுகள், அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். மேற்கோள் குறியைப் பைட் பைட்டாகத் தேடினால் ஆபத்தில்லை. இரட்டை மேற்கோள் குறியின் எண் 34, தமிழின் பைட்டுகள் எதுவும் 128-க்குக் கீழே வராது. ஆனால் பிழையைச் சுட்டும் ^ குறியைப் பைட் கணக்கில் நகர்த்தினால், அது வரியைத் தாண்டி வெற்றிடத்தில் போய் நிற்கும்.