எமர்ஜென்சி வார்டுல நாம திரும்பத் திரும்பப் பண்ற தப்புகள்

எமர்ஜென்சிக்கு புதுசா டூட்டிக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் முதல்ல கேக்குறது "சாப்டீங்களா"ன்னுதான். சும்மா மரியாதைக்கு கேக்குறேன்னு நெனச்சு "ம்ம் ஆச்சு"ன்னு சொல்லிட்டு போயிடுவாங்க, ஆனா நான் கேக்குறது பேஷண்டுக்காக. பசியில கை நடுங்குற ஒருத்தர் கொழந்தைக்கு மருந்து டோஸ் கணக்கு போடக்கூடாது, அவ்ளோதான் விஷயம். ஸ்டாஃபோட நலம் வேற, பேஷண்டோட பாதுகாப்பு வேறன்னு பிரிச்சு வைக்குறதுதான் இந்த வார்டுல நடக்குற முதல் தப்பு, மத்த தப்புல பாதி இதுலேருந்துதான் கெளம்புது.

சிபிஆர் எடுத்துக்கோங்க, அதாவது இதயம் நின்னுபோனவருக்கு நெஞ்சை அழுத்திக் குடுக்குற சிகிச்சை. நெஞ்சை அழுத்துறவரை 2 நிமிஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னு வழிமுறையிலயே இருக்கு. நிமிஷத்துக்கு 100லேருந்து 120 அழுத்து, ஒவ்வொண்ணும் 5 சென்டிமீட்டராவது எறங்கணும், எப்பேர்ப்பட்ட பலசாலியா இருந்தாலும் கொஞ்ச நேரத்துல ஆழம் கொறைய ஆரம்பிச்சுடும், பண்றவருக்கே அது தெரியாது. அதனாலதான் "எனக்கு ஒண்ணும் இல்ல, நானே பண்றேன்"னு சொன்னாலும் மாத்திடுவோம், யாரும் கோச்சுக்க மாட்டாங்க. ஆனா அதே ஆளு ராத்திரி பூரா நின்னுட்டு காலைல அடுத்த ஷிப்டுக்கும் நிக்குறார்னா "சூப்பர் பா, டபுள் டூட்டி பாக்குறார்"னு பாராட்டுறோம்! 1997ல நேச்சர் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருந்தவங்களோட கை-கண் ஒத்துழைப்பு, ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்குறவங்க அளவுக்கு எறங்கிடுச்சு, 24 மணி நேரம் ஆனப்போ அது கிட்டத்தட்ட 0.10 அளவு. குடிச்சிட்டு வந்த டாக்டரை வார்டுக்குள்ள விட மாட்டோம்ல, அப்போ இதை மட்டும் எப்படி விடுறோம்? பொறுப்புல இருக்குறவங்க பிரேக்கை ரோஸ்டர்லயே யாரு எப்போன்னு பேர் போட்டு எழுதி வைக்கணும், "நேரம் கெடைக்கும்போது போய்க்கோங்க"ன்னு சொன்னா எமர்ஜென்சில நேரம் கெடைக்கவே கெடைக்காது.

அடுத்த தப்பு, சத்தம் போடுற பேஷண்ட் பக்கமே ஓடுறது. கத்துறவருக்கு மூச்சுக்குழாய் தொறந்திருக்கு, மூளைக்கு ரத்தம் போகுதுன்னு அவர் குரலே சொல்லிடுது. ஓரமா சுருண்டு பேசாம படுத்திருக்காரே, அவர்கிட்டதான் முதல்ல போகணும். ஆஸ்துமா பேஷண்ட் கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் வீசிங் சத்தத்தோட இருந்தவர் இப்போ ஸ்டெத் வெச்சா ஒண்ணுமே கேக்கல, முகமும் சோர்ந்து போயிருக்குன்னா அது நல்லாயிட்டார்னு அர்த்தம் இல்ல, உள்ள காத்தே போகல, ரொம்ப ஆபத்தான கட்டம் அது. அதே மாதிரி வயசானவங்க, சுகர் இருக்குறவங்க ஹார்ட் அட்டாக்ல நெஞ்சு வலியே சொல்லாம வருவாங்க, ஒரே களைப்பு, வாந்தி வர்ற மாதிரி இருக்கு, மூச்சு வாங்குதுன்னு மட்டும் சொல்வாங்க. சந்தேகம் வந்தா வந்த 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுத்து, டாக்டர் கண்ணுல காட்டிடணும், எடுத்து ஃபைல்ல சொருகி வெச்சா அது எடுத்த கணக்குல வராது.

மூச்சு எண்ணிக்கையைப் பத்தி தனியா சொல்லியே ஆகணும். சார்ட்டை எடுத்துப் பாருங்க, எல்லாருக்கும் 18, 20, 18, 20ன்னு இருக்கும், யாரும் எண்ணல, கண்ணால பாத்து எழுதினது. பிபியும் சாச்சுரேஷனும் (ரத்தத்துல இருக்குற ஆக்ஸிஜன் அளவு) மெஷின் சொல்லிடும், மூச்சை மட்டும் நாமதான் பக்கத்துல நின்னு முழுசா ஒரு நிமிஷம் எண்ணணும், ஒருத்தர் மோசமாகப் போறார்னு பல சமயம் முதல்ல காட்டிக் குடுக்குறதும் அதுதான். மெஷினையும் முழுசா நம்ப முடியாது, தீ விபத்துல கார்பன் மோனாக்சைடு புகையை சுவாசிச்சவருக்கு விரல்ல மாட்டுற பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 98, 99ன்னு அழகா காட்டும், ரத்தத்துல ஏறியிருக்குறது ஆக்ஸிஜனா கார்பன் மோனாக்சைடான்னு அதுக்கு வித்தியாசம் தெரியாது. கருமையான தோல் இருக்குறவங்களுக்கு உண்மையில இருக்குறதை விட கொஞ்சம் கூடுதலாவும் காட்டலாம். ஆளைப் பாருங்க, அப்புறம் நம்பரைப் பாருங்க.

"குடிகாரன்", "சும்மா சீன் போடுறாங்க", "இந்த மாசத்துல நாலாவது தடவை வர்றார்" - இந்த லேபிளை ஒருத்தர் ஒட்டிட்டா ஷிப்டு மாறி மாறி அது கூடவே போகும். குளறிப் பேசுற எல்லாருக்கும் முதல் வேலையா விரல்ல குத்தி சுகர் பாக்கணும், வாயில மது வாசனை வந்தாலும் சரி. சுகர் கொறஞ்சவர், தலையில அடிபட்டு உள்ள ரத்தம் கசியுறவர், ஸ்ட்ரோக் வந்தவர் எல்லாருமே குடிச்சவர் மாதிரிதான் தெரிவாங்க, குடிச்சவருக்கும் இது மூணுமே வரலாம். ஸ்ட்ரோக்கா இருந்தா ரத்தக்கட்டியைக் கரைக்குற ஊசிக்கு பொதுவா நாலரை மணி நேரம்தான் கணக்கு, அந்த நேரம் ஆஸ்பத்திரிக்கு வந்ததுலேருந்து ஓடல, அவர் கடைசியா நல்லா இருந்ததை யாரோ பாத்த நேரத்துலேருந்து ஓடிக்கிட்டிருக்கு, அதனால கூட வந்தவங்களை வெளிய அனுப்புறதுக்கு முன்னாடி அந்த நேரத்தைக் கேட்டு எழுதிடுங்க.

ஹேண்ட்ஓவர்ல, அதாவது பேஷண்டைப் பத்தின விவரத்தை சொல்லி அடுத்தவர்கிட்ட ஒப்படைக்குறப்போ, நான் பண்ண தப்பை சொல்றேன். ஆம்புலன்ஸ்ல வந்தவர் ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டிருக்கார், நான் தலையாட்டிக்கிட்டே மானிட்டர் ஒயரை மாட்டிக்கிட்டிருந்தேன், பென்சிலின் அலர்ஜின்னு அவர் சொன்னது என் காதுல விழுந்துச்சு ஆனா மனசுல ஏறல. அரை மணி நேரம் கழிச்சு அந்த வகை மருந்தையே சிரிஞ்சுல ஏத்தி வெச்சுக்கிட்டு பெட் பக்கத்துல நிக்குறேன், அவரோட பொண்ணு "இது என்ன ஊசி சிஸ்டர், அப்பாவுக்கு சிலது ஒத்துக்காதே"ன்னு கேட்டாங்க. அந்தப் பொண்ணு கேக்காம இருந்திருந்தா? இன்னிக்கும் அதை நெனச்சா வயித்தைக் கலக்கும். அன்னிலேருந்து ஹேண்ட்ஓவர் கேக்கும்போது என் கை ரெண்டும் சும்மா இருக்கும், அந்த ஒரு நிமிஷத்துல பேஷண்டுக்கு சிபிஆர் தேவைப்பட்டா ஒழிய வேற எதையும் தொட மாட்டேன், கேட்டதை திருப்பி சொல்லிக் காட்டுவேன். எஸ்பார்னு சொல்ற முறை, அதாவது இப்போ என்ன நிலைமை, பின்னணி என்ன, நான் என்ன நினைக்குறேன், என்ன பண்ணணும்ங்குற வரிசை, அமெரிக்க கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்கள்லேருந்து மருத்துவத்துக்கு வந்தது, அவசரத்துல எது விட்டுப்போகக்கூடாதோ அது விட்டுப்போகாம இருக்க. அப்புறம் பேஷண்டோட சொந்தக்காரங்க கேள்வி கேட்டா தொந்தரவுன்னு நெனைக்காதீங்க, நம்மளோட கடைசி செக்கிங் அவங்கதான்.

வாய்மொழியா மருந்து சொல்லும்போது "ஒரு ஆம்பியூல் போடுங்க"ன்னு சொல்றது இன்னொரு மோசமான பழக்கம். ஆம்பியூல்னா மருந்து அடைச்ச சின்னக் கண்ணாடிக் குப்பி. அட்ரினலின் 1 மில்லி ஆம்பியூல்ல பொதுவா 1 மில்லிகிராம் இருக்கும், கடுமையான அலர்ஜில பெரியவங்களுக்கு வேண்டியது 0.5 மில்லிகிராம், அதுவும் தொடை சதையில. அதையே முழு ஆம்பியூலா நேரா நரம்புல ஏத்திட்டா இதயத் துடிப்பே தாறுமாறாயிடும். மில்லிகிராம்ல சொல்லணும், எந்த வழின்னு சொல்லணும், கேட்டவர் திருப்பி சொல்லணும். கொழந்தைன்னா எடையை கிலோவுல நிறுத்துப் பாத்து எழுதணும், புள்ளி ஒரு எடம் தள்ளிப் போனா டோஸ் பத்து மடங்கு.

பேஷண்டுக்குப் போட்ட ஊசி தவறி நம்ம கையில குத்துனதை மறைக்குறது. இது நம்ம ஆளுங்ககிட்ட ரொம்ப அதிகம், "சின்னக் குத்துதான், ரிப்போர்ட் பண்ணா திட்டு விழும், யாரு ஃபார்ம் எழுதுறது"ன்னு விட்டுடுவாங்க. சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவுங்க, பிழிஞ்சு ரத்தத்தை வெளிய எடுக்குறது, பிளீச் ஊத்துறது எல்லாம் வேணாம், உடனே சொல்லுங்க. எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டா முதல் சில மணி நேரத்துலயே ஆரம்பிக்குறது நல்லது, 72 மணி நேரம் தாண்டினா பலன் இல்ல, மொத்தம் 28 நாள் போடணும். எச்ஐவி இருக்குறவர் ரத்தம் பட்ட ஊசி குத்தினா தொத்துற வாய்ப்பு 300ல 1 மாதிரிதான், ஆனா தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி 100ல 30 வரைக்கும் போகலாம். அந்தத் தடுப்பூசி மூணு டோஸ் போட்டீங்களா, அப்புறம் டைட்டர் (எதிர்ப்பு சக்தி வந்திருக்கான்னு பாக்குற ரத்தப் பரிசோதனை) பாத்தீங்களா? திட்டுறவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன், குத்துப்பட்டு வந்து சொன்ன பொண்ணை எல்லார் முன்னாடியும் நீங்க ஒரு தடவை திட்டினா அடுத்த பத்து பேர் உங்ககிட்ட சொல்லவே மாட்டாங்க. கையை எப்போ கழுவணும்னு நான் புதுசா சொல்ல வேண்டியதில்ல, கிளவுஸை ஒரு பேஷண்டுக்கும் அடுத்தவருக்கும் நடுவுல மாத்தாம சுத்துறதை மட்டும் தயவுசெஞ்சு நிறுத்துங்க.

அடி, உதை, கெட்ட வார்த்தை. "இந்த வேலையில இதெல்லாம் சகஜம்"னு சொல்றதை நான் ஒத்துக்கவே மாட்டேன். சுகாதார ஊழியர்கள்ல 8லேருந்து 38 சதவீதம் பேர் வேலைக் காலத்துல எப்பவாவது உடல்ரீதியா தாக்கப்படுறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, வார்த்தையால மிரட்டுறது அதுக்கும் மேல. பெரும்பாலும் கோவம் திடீர்னு வர்றதில்ல, உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம ரெண்டு மணி நேரம் வெளிய நின்னதுலேருந்து வருது. "வெயிட் பண்ணுங்க"ன்னு சொல்றதுக்கு பதிலா "ரத்த ரிசல்ட்டுக்கு காத்திருக்கோம், இன்னும் ஒரு மணி நேரம் ஆகலாம், நான் திரும்ப வந்து சொல்றேன்"னு சொல்லி, சொன்ன மாதிரியே திரும்ப போங்க. கோவமா இருக்குறவர் கூட தனியா ரூமுக்குள்ள போகாதீங்க, போனாலும் கதவு உங்க பக்கம் இருக்கணும், ஸ்டெத்தை கழுத்துல தொங்க விடாதீங்க (பிடிச்சு இழுத்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க), ஒருத்தர் மட்டும் பேசுங்க, கை நீட்டுறார்னா வெளிய வந்துடுங்க, உள்ளயே நின்னு சமாளிக்குறது தைரியம் இல்ல. கோவப்பட்டவர் பேஷண்டா இருந்தா, அமைதியான பிறகு அவருக்கு சுகர், ஆக்ஸிஜன் பாத்தீங்களான்னும் ஒரு கேள்வி கேட்டுக்கோங்க, அது கொறஞ்சாலும் ஆள் இப்படி நடந்துக்கலாம்.

இதுல நிர்வாகத்தோட பங்கும் இருக்கு. அட்மிஷன் போட்ட பேஷண்டுக்கு மேல வார்டுல பெட் இல்லைன்னு எமர்ஜென்சி வராந்தாவுலயே ஸ்ட்ரெச்சர்ல வெச்சிருக்கறது சும்மா அசௌகரியம்னு நெனைக்குறாங்க. இங்கிலாந்து ஆஸ்பத்திரி தரவுகளை வெச்சு 2022ல வந்த ஆய்வுல, வந்ததுலேருந்து 6-8 மணி நேரத்துக்கு மேல பெட்டுக்காக தாமதமான ஒவ்வொரு 82 பேருக்கும் 30 நாளுக்குள்ள ஒரு கூடுதல் மரணம்னு கணக்கு வந்துச்சு. அந்த வராந்தாவுல ஓடுற நர்ஸுக்கு யோகா கிளாஸ் வெச்சா சரியாகுமா? பெட்டும் ஆளும்தான் வேணும்.

ஒரு கொழந்தை இறந்துபோன ராத்திரிக்கு அப்புறம் எல்லாரையும் உக்கார வெச்சு "மனசுல இருக்குறதை கொட்டுங்க"ன்னு கட்டாயப்படுத்துறதும் தப்புதான், அப்படி ஒரே தடவை கட்டாயமா பேச வெக்குறது பின்னாடி வர்ற மனப் பாதிப்பைத் தடுக்குறதில்ல, சிலருக்கு கெடுதலாவும் முடியலாம்னு ஆய்வுகள் காட்டியிருக்கு. தண்ணி குடுங்க, அடுத்த பேஷண்டை வேற யாராவது பாக்கட்டும், பேசணும்னு தோணுறவர் பேசட்டும், பேசாதவரை ரெண்டு வாரம் கழிச்சும் ஒரு தடவை விசாரிங்க, ஏன்னா தூக்கம் கெடுறது, டூட்டிக்கு வரவே பயப்படுறது எல்லாம் அப்போதான் தெரியும்.

நைட் முடிஞ்சதும் நேரா வண்டியை எடுக்காதீங்க. வார்டுலயே ஒரு மூலையில 20 நிமிஷம் கண்ணை மூடிட்டு அப்புறம் கெளம்புங்க, முடிஞ்சா வேற யாரையாவது ஓட்டச் சொல்லுங்க. ஹேண்ட்ஓவர் குடுத்துட்டு கெளம்புறவரை "வீட்டுக்கு எப்படி போறீங்க"ன்னு கேக்குறதையும் அந்த ஷீட்டுலயே கடைசி வரியா சேத்துடுங்க.