பெயின்ட்பால் மார்க்கரின் காற்று இணைப்புகளில் சேரும் பிசுக்கை நீக்கும் முறை

ஒரு நாள் முழுவதும் பெயின்ட்பால் ஆடிவிட்டு வந்த பின், பெயின்ட் உருண்டைகளைக் காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கியான மார்க்கரில், காற்று டேங்க்கைத் திருகி மாட்டும் இடத்தில் விரலால் தடவிப் பார்த்தால், கறுத்த பசை போன்ற ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். பழைய கிரீஸ், மைதானத்து மண், அலுமினிய மரைகள் உரசி உதிரும் நுண்துகள், உடைந்த பெயின்ட் உருண்டைகளிலிருந்து தெறித்த திரவம் ஆகிய அனைத்தும் கலந்த பிசுக்கு அது. அதைத் துடைப்பது கடினமான வேலையன்று. ஆனால் எந்த இடத்தில் கிரீஸ் இருக்கலாம், எந்த இடத்தில் துளியும் இருக்கக் கூடாது என்பதை அறியாமல் கை வைப்பது ஆபத்தானது என்பதால், அதையே முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

டேங்க்கில் காற்றை நிரப்பும் சிறு முனையான ஃபில் நிப்பிளில் எண்ணெயோ கிரீஸோ ஒருபோதும் படக் கூடாது. டேங்க்கினுள் காற்று 3000 அல்லது 4500 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இருக்கிறது; பின்னது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 300 மடங்கு. நிரப்பும்போது காற்று சட்டென்று பாய்ந்து, முட்டும் இடத்தில் நெருக்கப்பட்டால், அந்த இடத்தின் வெப்பம் நொடிப்பொழுதில் மிகவும் உயர்ந்துவிடும். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லாமலேயே எரிபொருள் பற்றிக்கொள்வது இதே முறையில்தான். அந்த வேளையில் நிப்பிளில் பெட்ரோலிய எண்ணெய் இருந்தால் அதுவே எரிபொருளாகிவிடும். ஆகவே அந்த முனையைப் பஞ்சு உதிராத உலர்ந்த துணியால் மட்டும் துடைத்து, ரப்பர் மூடியை எப்போதும் போட்டு வைக்க வேண்டும். கிரீஸ் உள்ளே இறங்கிவிட்டது என்ற ஐயம் எழுந்தால், அந்த டேங்க்கை நிரப்பாமல், பயிற்சி பெற்ற டேங்க் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைப்பது ஒன்றே சரியான வழி. நிப்பிளையோ, வெளிவரும் காற்றின் அழுத்தத்தைக் குறைத்துச் சீராக்கும் டேங்க் ரெகுலேட்டரையோ அழுத்தம் இருக்கும்போது வீட்டில் கழற்ற முற்படக் கூடாது.

இனி மார்க்கர் பக்கம் வருவோம். சுத்தம் செய்யத் தொடங்கும் முன் கண்ணாடிக் கவசத்தை அணிந்து, குழலுக்கு உறையிட்டு, உருண்டைகள் உள்ள ஹாப்பரைக் கழற்றி வைக்க வேண்டும். பிறகு காற்றை அடைத்து, பாதுகாப்பான திசையில் சுட்டு உள்ளே எஞ்சிய காற்றை வெளியேற்றிய பின்னரே டேங்க்கைத் திருகிக் கழற்ற வேண்டும். கழற்றும்போது, மார்க்கரிலிருந்து டேங்க்கின் ரெகுலேட்டர் சுழல்கிறதா, அல்லது ரெகுலேட்டர் அசையாமல் நிற்க உருளை மட்டும் சுழல்கிறதா என்று கவனிப்பது மிக முக்கியம். இரண்டாவது நிகழ்ந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். வால்விலிருந்து பிரிந்த உருளை பறந்து மோதி உயிர்ச்சேதம் நேர்ந்ததுண்டு. உருளையும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தின் குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்து வைத்தால், அது நகர்ந்திருப்பதைக் கண்ணாலேயே அறியலாம். இரண்டு நிமிடம் கூடப் பிடிக்காத இந்த வேலையை எல்லோரும் செய்து வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பெயின்ட் உருண்டையின் உள்ளே உள்ளது பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைகால், மேலோடு ஜெலட்டின். இரண்டும் நீரில் கரையக்கூடியவை என்பதால், வெளிப்புறத்தில் காய்ந்த பெயின்ட்டை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியே அகற்றிவிடும். கிரீஸ் நீருக்கு அசையாது. அதற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியும் காது குடையும் பஞ்சுக்குச்சியும் போதும். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் ஆகியவற்றை அருகிலும் கொண்டுவரக் கூடாது. அவற்றால், காற்றுக் கசியாமல் தடுக்கும் வளையங்களான ஓ-ரிங்குகள் உப்பிப்போவதோடு, பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன பாகங்களும் விரிசல் விட்டுவிடும்.

டேங்க் மாட்டும் ஏஎஸ்ஏ எனப்படும் தாங்கியின் மரைகளில்தான் பிசுக்கு மிகுதியாகத் தங்கும். பழைய பல் துலக்கும் தூரிகையால் மரை ஓடும் திசையிலேயே தேய்த்து, பிசுக்கு உள்நோக்கிப் போகாமல் வாய்ப்பக்கம் வரும்படி, தாங்கியின் வாய் கீழ்நோக்கி இருக்குமாறு மார்க்கரைப் பிடித்துக்கொள்வது நல்லது. டேங்க்கின் முகப்பில் உள்ள ஓ-ரிங்கை இரும்பு ஊசியால் நெம்பாமல் மரக்குச்சியால் எடுத்து, விரலிடுக்கில் மெல்ல உருட்டிப் பார்க்க வேண்டும். வெட்டோ தட்டையான பகுதியோ தென்பட்டால் அதைத் துடைத்துப் பயனில்லை; 015 என்ற அளவு எண் கொண்ட, உறுதியான யூரித்தேன் ஓ-ரிங் ஒன்றைப் புதிதாகப் போட வேண்டும். காற்றுக் கசிவுகளில் பெரும்பகுதி இந்த மலிவான வளையத்திலிருந்தே வருகிறது என்பது என் அனுபவம். கசிவைக் கண்டதும் கிரீஸை அள்ளிப் பூசுவது பலருடைய வழக்கம். அது ஓரிரு ஆட்டங்களுக்கு ஓசையை அடக்கி, மணலை மேலும் மேலும் சேர்த்து, இறுதியில் வளையத்தை அறுத்துவிடும்.

காற்றைக் கொண்டுசெல்லும் பிளாஸ்டிக் குழாயான மேக்ரோலைன் உள்ள மார்க்கரில், குழாய் செருகப்படும் இணைப்பான ஃபிட்டிங்கின் விளிம்பு வளையத்தைச் சீராக உள்ளே அழுத்தியபடி குழாயை இழுத்தால் அது வந்துவிடும். அந்த வளையத்துள் மண் புகுந்திருந்தால் குழாயைக் கவ்வும் பற்கள் சரியாகப் பிடிப்பதில்லை. சோப்பு நீரில் நனைத்த தூரிகையால் கழுவி நன்கு உலர்த்துவது போதும்; இங்கே கிரீஸ் தேவையில்லை. குழாயின் முனையில் கீறல் இருந்தால், கூரிய பிளேடால் செங்கோணத்தில் சிறிதளவு வெட்டி எடுத்துவிட்டு, அடிவரை தள்ளிச் செருகி, ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். உலோக ஃபிட்டிங்குகளைக் கழற்றியிருந்தால் மரைகளில் சிக்கிய பழைய டெஃப்லான் நாடாவை முழுவதும் அகற்றி, முதல் ஒன்றிரண்டு மரைகளை விட்டுப் புதிய நாடாவைச் சுற்ற வேண்டும். முனையில் சுற்றிய நாடா கிழிந்து காற்றோடு உள்ளே போய்விடும்.

மார்க்கரின் ரெகுலேட்டரைக் கழற்றத் தெரிந்தவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ஓ-ரிங்குக்கு, மார்க்கர் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் கிரீஸ் மெல்லிய படலமாக வேண்டும். காற்றை அடைக்கும் சீட் மட்டும் துடைத்தெடுத்தாற்போல் உலர்ந்திருக்க வேண்டும். சீட்டில் கிரீஸ் படிந்தால் அதில் தூசு ஒட்டி, முழுவதும் மூடாமல், மார்க்கர் சும்மா இருக்கும்போதே அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும். அப்படி ஏறிய நிலையில் சுடும் முதல் உருண்டை மற்றவற்றைவிட வேகமாகப் போகும். எவ்வளவு கிரீஸ் பூசுவது என்ற கேள்விக்கு என் விடை, ஓ-ரிங் பளபளக்க வேண்டும், கிரீஸ் தனியாகக் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பதே.

எல்லாவற்றையும் பூட்டிய பின் டேங்க்கை மாட்டிக் காற்றை மெதுவாகத் திறந்து, காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். ஓசை இருந்தும் இடம் பிடிபடவில்லையெனில், மின்பாகங்களில் படாதவாறு இணைப்புகளில் மட்டும் சோப்பு நுரையைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழ் எழும். ரெகுலேட்டரைத் தொட்டிருந்தால் வேகமும் மாறியிருக்கக்கூடும் என்பதால், மைதானத்துக்குச் சென்றதும் முதல் ஆட்டத்துக்கு முன்பே, உருண்டையின் வேகத்தை அளக்கும் கருவியான குரோனோகிராஃபில் பத்துப் பன்னிரண்டு உருண்டைகளைச் சுட்டு, அளவுகள் அந்த மைதானத்தின் வரம்புக்குள், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே களத்தில் இறங்க வேண்டும்.