வெளுத்துப்போன பாசியை மீட்ட விதம்

சின்னமுட்டத்திற்கு அருகே, 3 மீட்டர் நீள அகலமுள்ள மூங்கில் மிதவை ஒன்றில் காப்பாபைகஸ் கடற்பாசியை நான் வளர்க்கத் தொடங்கினேன். இருபது கயிறுகளில், கயிறொன்றுக்கு இருபது துண்டுகள் வீதம், ஏறத்தாழ 60 கிலோ விதைப்பாசியைக் கட்டினேன். நாற்பத்தைந்து நாளில் அறுவடை என்பது கணக்கு.

சித்திரை வெயிலில் மூன்றாவது வாரமே தண்டுகள் வெளுத்து, தொட்டால் ஒடிந்தன. முதலில் ஓரா மீன்களே மேய்ந்துவிட்டன என்றெண்ணி அடியில் வலை கட்டினேன். அது வீண் செலவாயிற்று, ஏனெனில் மீன் மேய்ந்த இடத்தில் நுனிகள் மட்டுமே குறையும், தண்டு வெளுக்காது. வெப்பமும் நீரோட்டக் குறைவும் சேர்ந்து பாசியை நலிவிக்கும்போது இந்த வெள்ளை நோய் வரும். அலைக்கு அஞ்சி, கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவின் உட்புறத்தில், நீர் தேங்கிச் சூடேறும் இடத்தில் மிதவையை நிறுத்தியது என் பிழையே.

வெளுத்த பகுதிகளை அரைவிரற்கடை நல்ல தண்டோடு சேர்த்து வெட்டிக் கரையில் புதைத்தேன். மிஞ்சிய துண்டுகளை வளைவின் முனைக்கு அப்பால், நீரோட்டமுள்ள இடத்தில், மூங்கிலைத் தவிர்த்து ஒற்றைக் கயிற்றில் கட்டி, கல் தொங்கவிட்டு நீர்மட்டத்திற்கு அரை மீட்டர் கீழே இறக்கினேன். ஒருநாள் விட்டு ஒருநாள் கயிற்றை உதறிச் சேற்றைப் போக்கினேன். பத்தாம் நாள் புதிய நுனிகள் பழுப்பு நிறத்தில் துளிர்த்தன. ஆனியில் கடல் சீறுமுன் அனைத்தையும் அறுத்துக் கரையேற்றினேன்.