தையல் மெஷினில் உட்காருகிறவளின் இடுப்பு வலி வழக்கங்கள்

கும்பகோணத்தில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர் ஜாக்கெட் தைக்கிறோம். மூன்று பேருமே இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் ஸ்டூலை விட்டு எழுந்திருப்போம். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி என்கிறார்கள் டாக்டர்கள். என்னுடையதுக்குப் பல வருடமாகிறது. அண்ணன் மகள் பிசியோதெரபிஸ்ட். அவள் சொன்னதையும் மெஷினில் உட்கார்ந்து நானே கண்டுகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கிற யாருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறுநீர், மலம் அடக்க முடியவில்லை, உட்காரும் இடம் மரத்துப்போகிறது, காலில் பலம் குறைகிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, கீழே விழுந்தபின் வந்த வலி, இவற்றையும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். மற்றபடி ‘ஜவ்வு விலகியிருக்கு, எலும்பு தேஞ்சிருக்கு’ என்று ஸ்கேன் ரிப்போர்ட் சொன்னதுமே பயந்து படுத்துவிட வேண்டாம். 2015இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, வலியே இல்லாத 50 வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் 100க்கு 80 பேருக்கு ஜவ்வுத் தேய்மானமும் 60 பேருக்கு ஜவ்வுப் பிதுக்கமும் தெரிகிறதாம். “தேஞ்சிருக்குன்னு நடக்காம இருந்தா இன்னும் மோசமாகும் அத்தை” என்பாள் அண்ணன் மகள்.

காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியாதீர்கள். இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்புக்கு நடுவே உள்ள ஜவ்வு நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அந்த நேரத்தில் குனிந்தால் அதன் மேல் அழுத்தம் அதிகம். படுக்கையிலிருந்து நேராக எழாமல், ஒருக்களித்துப் படுத்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுந்திருங்கள். வாசல் கூட்டி, தெளித்து, கோலம் போடுவது முழுக்கக் குனிகிற வேலை. எங்கள் வீட்டில் அதை மருமகள் செய்கிறாள். அவள் ஊருக்குப் போனால் நீளத் துடைப்பத்தால் கூட்டிவிட்டு, குட்டி முக்காலியில் உட்கார்ந்து சின்னதாக ஒரு கோலம். அவ்வளவுதான்.

இனி மெஷின். நிமிர்ந்து உட்காரு, நிமிர்ந்து உட்காரு என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் குனிகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்து பாதிக் காரணம் கண். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும்போது ஊசியைப் பார்க்கத் தலை தானாக முன்னால் போகும், தலையோடு முதுகும் வளையும். கண்ணாடிக் கடையில், படிக்கிற தூரத்துக்கு இல்லை, ஊசிக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்துக்கு வேண்டும் என்று அளந்து சொல்லி வாங்குங்கள். ஊசிப் பக்கத்தில் காந்தத்தோடு ஒட்டுகிற சின்ன எல்இடி விளக்கு ஒன்று போதும். இவ்விரண்டும் செய்தபின் என் கழுத்து வலியும் சேர்ந்தே குறைந்தது.

அப்புறம் உட்காரும் இடம். நம்மில் பலர் மெஷின் மேஜையின் நடுவில் உட்காருகிறோம், ஊசியோ இடது பக்கம் இருக்கிறது. நாள் முழுக்க இடுப்பு லேசாகத் திரும்பியே கிடக்கும். மூக்குக்கு நேரே ஊசி வரும்படி ஸ்டூலை நகர்த்துங்கள். மோட்டார் மெஷினென்றால் கால் பெடலையும் கூடவே நகர்த்தலாம். வலது கால் பெடலில் இருக்க, இடது காலைச் சுருட்டி ஸ்டூலுக்குக் கீழே வைக்கிற பழக்கம் பலருக்கும் உண்டு. அந்தக் காலுக்குப் பெடல் உயரத்தில் ஒரு பலகை போடுங்கள். முட்டியை விட இடுப்பு ஒரு விரற்கடை உயரத்தில் இருந்தால் முதுகு வளையாது. ஸ்டூல் தாழ்வாக இருந்தால் பழைய போர்வையை மடித்துப் போட்டுக்கொள்ளலாம்.

எவ்வளவு சரியாக உட்கார்ந்தாலும் ஒரே நிலையில் கிடந்தால் வலிக்கத்தான் செய்யும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்திரு என்று மொபைலில் மணி வைத்தால் எரிச்சல்தான் வரும், பாதித் தையலில் யார் எழுந்திருப்பார்கள்? இஸ்திரிப் பெட்டியைக் கைக்கு எட்டாத சுவரோரம் வைத்துவிடுங்கள். டார்ட் மடிப்புப் பிடித்தால் ஒரு தேய்ப்பு, ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்தால் ஒரு தேய்ப்பு, பக்கத் தையலுக்கு ஒரு தேய்ப்பு. ஒவ்வொன்றுக்கும் எழுந்து நடந்தாக வேண்டும், ஜாக்கெட்டும் படிந்து நிற்கும். கட்டிங்கைத் தரையில் விரித்து வெட்டாதீர்கள். பழைய டேபிளின் நான்கு காலுக்கும் செங்கல் கொடுத்து, இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, நின்றுகொண்டு வெட்டுங்கள்.

வீட்டு வேலையில் தூக்குவதுதான் ஆபத்து. தண்ணீர் கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. நிறைந்த சமையல் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்பும் சேர்ந்தால் 30 கிலோவுக்குப் பக்கம். சிலிண்டரைச் சாய்த்து விளிம்பில் உருட்டுங்கள். கேனைக் கவிழ்க்காமல், மேலே பொருத்துகிற பம்ப் வாங்கிவிடுங்கள். தூக்கியே ஆக வேண்டுமென்றால் முட்டியை மடக்கி, பொருளை வயிற்றோடு சேர்த்துத் தூக்கி, திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் காலை எடுத்துவைத்துத் திரும்புங்கள். துணி எடுக்க வெளியூர் போனால் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்காராதீர்கள், பின்சக்கரத்துக்குப் பின்னால்தான் குலுக்கல் அதிகம்.

மருந்துக்கு அடுத்தபடி என்றில்லை, மருந்துக்கு முன்னாலேயே நடையைச் சொல்வேன். ஆஸ்திரேலியாவில் முதுகு வலி வந்து சரியான 701 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. படிப்படியாகக் கூட்டி, வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் நடக்கச் சொல்லிக் கொடுத்தவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாள் ஆயிற்று; சொல்லிக் கொடுக்காதவர்களுக்கு 112 நாள். நான் சாயங்காலம் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிறேன். முதலில் ஒரு சுற்றோடு திரும்பிவிடுங்கள், மறுநாள் வலி கூடவில்லை என்றால் கொஞ்சம் கூட்டலாம். வந்ததும் பாயில் இரண்டு பயிற்சி: மல்லாந்து முட்டியை மடக்கி இடுப்பை மட்டும் மெதுவாக உயர்த்தி இறக்குவது, கையும் முட்டியும் ஊன்றி, ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டி, பத்து எண்ணி மாற்றுவது. மூச்சை அடக்காதீர்கள்.

இடுப்பு பெல்ட் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலில், நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு வழக்கமாக பெல்ட் போடுவதையும் முதுகை இழுத்துவிடும் சிகிச்சையையும் பரிந்துரைக்கவில்லை. கட்டாந்தரையில் படுத்தால் சரியாகும் என்பதும் எல்லோருக்கும் ஒத்துவராது. ஸ்பெயினில் 2003இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ரொம்பக் கெட்டியான மெத்தையை விட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி குறைந்திருந்தது.

வலி பிடித்துக்கொண்ட நாளில், தரையில் மல்லாந்து இரண்டு கெண்டைக்காலையும் நாற்காலி மேல் வைத்துக் கொஞ்ச நேரம் கிடங்கள். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கால் மணி நேரம் வையுங்கள். பிறகு எழுந்து வீட்டுக்குள்ளேயே நடங்கள்; நாள் முழுக்கப் படுக்கை வேண்டாம். டைக்ளோபினாக் போன்ற மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் போடாதீர்கள். வயிறு புண்ணாகும், கிட்னிக்கும் ஆகாது. பிரஷர், சுகர் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஒன்றுகூட வேண்டாம்.

கடைசியாகத் தேதி. ஆவணியிலும் தையிலும் லைனிங் ஜாக்கெட் கட்டுக் கட்டாக வரும். கேட்கிற நாளுக்கெல்லாம் சரி என்றால் ராத்திரி பன்னிரண்டு மணி வரை மெஷினில்தான். இப்போது துணியைக் கையில் வாங்கும்போதே, “பத்து நாள் ஆகும் அக்கா, அவசரம்னா எதிர் வீட்ல கேட்டுப் பாருங்க” என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் துணியை வைத்துவிட்டுத்தான் போகிறார்கள்.