டிவி தொடரை ஓடிடிக்குக் கொடுக்கும் முன்

முதலில் பாட்டு உரிமையைப் பாருங்கள். சேனல் ஒளிபரப்புக்கு மட்டும் வாங்கிய பாடல் இணையத்தில் செல்லாது. 'உலகம் முழுவதும், ஸ்ட்ரீமிங்' என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் காட்சிக்கு வேறு இசைதான்.

அதிகம் சிக்குவது ஒலியில். வசனம், இசை, எஃபெக்ட்ஸ் மூன்றையும் தனித்தனி ஸ்டெம்களாக (தனி ஒலிக் கோப்புகளாக) வைத்திருங்கள். ஒரே ட்ராக்கில் கலந்துவிட்டால், பிறமொழி டப்பிங்குக்கு வசனத்தை மட்டும் உருவ முடியாது. வசனத்தோடு சேர்ந்து பதிவான காலடி, கதவு, பாத்திரச் சத்தமும் போய்விடும். அவற்றை ஃபோலியில் (படத்தைப் பார்த்து ஸ்டுடியோவில் சத்தம் எழுப்பி) மறுபடி பதிய வேண்டும், செலவு எகிறும். நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் சராசரி ஒலியளவு, வசனத்தை வைத்து அளந்து, -27 எல்கேஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவுகோல்; 2 கூடலாம், குறையலாம்). ட்ரூ பீக், அதாவது ஒலி தொடும் உண்மையான உச்சம், -2 டெசிபலைத் தாண்டக் கூடாது. டிவிக்குச் சத்தமாக மிக்ஸ் செய்ததை அப்படியே அனுப்பினால் திரும்பி வரும். ஃபேடரை (ஒலியளவுக் கட்டுப்பாட்டை) மட்டும் இறக்குவது அரைகுறை வேலை. மறு மிக்ஸ் நல்லது.

பழைய 50ஐ படத்தை (ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என மாறி மாறி, நொடிக்கு 50 பாதிப் படங்களாகப் பதிவானதை) முறையாக டீஇன்டர்லேஸ் செய்யுங்கள், அதாவது முழுப் படங்களாக மாற்றுங்கள். இல்லையேல் அசைவுகளில் சீப்புப் பல் போலக் கோடு தெரியும்.

திரையில் பெயர், ஊர் எழுத்துகள் வரும் ஷாட்களை, அந்த எழுத்துகள் இல்லாமலும் தனியாகச் சேமியுங்கள். சப்டைட்டில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒன்று 7 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது.